அமெரிக்க அதிபர் தேர்தல்ல வெளிநாட்டுக் காசு எந்த வழியா உள்ள போகுது, சட்டம் எங்க நின்னுடுது

கேள்வி இதுதான்: வெளிநாட்டுக்காரன் ஒத்த டாலர் கூட தேர்தலுக்குக் குடுக்கக் கூடாதுன்னு அமெரிக்காவுல சட்டம் இருக்கு, அப்படி இருந்தும் ஒவ்வொரு அதிபர் தேர்தலுக்கும் சீனா, ரஷ்யா, சவுதின்னு ஏதாவது ஒரு பேர் அடிபடுது, இது நிஜமா நடக்குதா இல்ல ரெண்டு கட்சியும் ஒருத்தர் மேல ஒருத்தர் சேறு வாரி அடிக்கிறதா?

நிஜமாவே நடக்குது. ரெண்டு கட்சியிலயும் நடக்குது. கோர்ட்டுல நிரூபணமானது, சம்பந்தப்பட்டவங்களே குற்றத்தை ஒத்துக்கிட்டது, ஆவணமா வெளிய வந்தது, இவ்வளவை மட்டும் வச்சுப் பேசினாலே போதும், வதந்தி எதுவும் தேவையில்ல.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு வேகமா பாத்துடலாம். அரசியலமைப்புச் சட்டத்துலயே, காங்கிரஸ், அதாவது அவங்க நாடாளுமன்றம், சம்மதம் இல்லாம எந்த ராஜாகிட்டயும் வெளிநாட்டு அரசுகிட்டயும் பதவியில இருக்குறவங்க பரிசு, பணம் வாங்கக் கூடாதுன்னு இருக்கு. 1938-ல, நாஜி பிரச்சாரத்துக்கு பயந்து, ஃபாரான்னு ஒரு சட்டம் வந்துச்சு, வெளிநாட்டுக்காக லாபி பண்றவன் பேரைப் பதிவு பண்ணிட்டுத்தான் பண்ணணும்னு. 1966-ல வெளிநாட்டு அரசுங்க, அவங்க ஏஜென்ட்டுங்க தேர்தலுக்குப் பணம் குடுக்குறதைத் தடுத்தாங்க, நிக்சனோட வாட்டர்கேட் ஊழலுக்கு அப்புறம் 1974-ல அதை வெளிநாட்டுக்காரங்க எல்லாருக்கும்னு விரிச்சாங்க. கிரீன் கார்டு இருந்தா குடுக்கலாம், எச்1பி விசாவுல இருக்குறவங்க குடுக்கக் கூடாது. நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இது தெரியாது, ஆபீஸ்ல யாரோ கேட்டாங்கன்னு அம்பது டாலர் ஆன்லைன்ல அனுப்பிடுறாங்க, அதுவும் சட்டப்படி தப்புதான்.

சட்டம் இவ்வளவு கறாரா இருக்குறதால வெளிநாட்டுப் பணம் நேரா வராது. அதுக்கு ஒரு அமெரிக்கக் கை வேணும். நம்ம ஊர் பாஷையில சொன்னா பினாமி. செக்குல கையெழுத்துப் போடுறவன் அமெரிக்கன், பணம் வேற ஒருத்தனோடது. இதுவரைக்கும் மாட்டின பெரிய கேஸ்கள்ல முக்கால்வாசி இந்த பினாமி கேஸ்தான், அதுலயும் மாட்டினது செல்வாக்குக்காக இல்ல, பணம் யாரோடதுன்னு பேப்பர்ல பொய் சொன்னதுக்காக. இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க, என்னோட பதில்ல முக்கியமான விஷயமே இதுதான்.

1996-ஐ எடுத்துக்குவோம், கிளின்டன் ரெண்டாவது முறை நின்ன வருஷம். இந்தோனேசியாவுல லிப்போன்னு பெரிய குழுமம், அதை நடத்துற ரியாடி குடும்பத்துக்கு எண்பதுகள்லயே ஆர்கன்சா மாநிலத்துல ஒரு பேங்க்ல பங்கு இருந்துச்சு, கிளின்டன் அங்க கவர்னரா இருந்தப்பவே பழக்கம். 1992-ல ஜேம்ஸ் ரியாடி கிளின்டன்கூட கார்ல போறப்ப, உங்க பிரச்சாரத்துக்கு 10 லட்சம் டாலர் திரட்டித் தரேன்னு சொல்லியிருக்கார். லிப்போவுல வேலை பாத்த ஜான் ஹுவாங், கிளின்டன் ஜெயிச்சதும் வர்த்தகத் துறையில அதிகாரி ஆகுறார், அங்கருந்து 1995 கடைசியில ஜனநாயகக் கட்சியோட தேசியக் கமிட்டிக்கு நிதி திரட்டுறவரா போறார். கம்பெனி, அரசுப் பதவி, கட்சி, மூணும் ஒரே ஆள்! அவர் திரட்டினது சுமார் 34 லட்சம் டாலர், அதுல கிட்டத்தட்ட பாதியை இது யார் பணம்னே தெளிவா இல்லன்னு கட்சியே அப்புறம் திருப்பிக் குடுத்துச்சு.

அதே வருஷம் ஏப்ரல் 29-ம் தேதி துணை அதிபர் அல் கோர் கலிபோர்னியாவுல ஹசி லாய் புத்த கோயிலுக்குப் போறார். அங்க இருந்த பிக்குணிகள், துறவிகள் பேர்ல ஆளுக்கு 5000 டாலர்னு செக் போகுது, அந்தப் பணத்தைக் கோயில் அவங்களுக்குத் திருப்பிக் குடுத்துடுது. சொத்தே வச்சுக்காத துறவி அரசியல் கட்சிக்கு 5000 டாலர் குடுத்தாங்கன்னா யாருக்குத்தான் சந்தேகம் வராது. 1997-ல செனட் கமிட்டி முன்னாடி அந்த பிக்குணிகளை உக்கார வச்சு விசாரிச்சாங்க, சில ஆவணங்களை அழிச்சோம்னு அவங்களே சொன்னாங்க. எனக்கு இந்தக் கதையில ரொம்ப வருத்தமான இடம் இதுதான், விவரம் தெரியாத மனுஷங்க பேரைப் பயன்படுத்தினவங்க எல்லாம் சூட் போட்டு வெளிய நின்னுட்டாங்க. இதை ஏற்பாடு பண்ணின மரியா ஷியா 2000-ல குற்றவாளின்னு தீர்ப்பாச்சு, கோர் மேல வழக்கே வரல.

சார்லி ட்ரைன்னு இன்னொருத்தர், ஆர்கன்சா தலைநகர் லிட்டில் ராக்ல சைனீஸ் ரெஸ்டாரன்ட் வச்சிருந்தவர், கிளின்டனுக்குப் பழைய சிநேகிதர். 1996 மார்ச்ல கிளின்டனோட வக்கீல் செலவுக்காக வச்சிருந்த நிதிக்கு 4,60,000 டாலரை கவர்ல போட்டுக் கொண்டுவந்து குடுக்குறார், பிரிச்சுப் பாத்தா பேரெல்லாம் வேற வேற, கையெழுத்து ஒரே மாதிரி, மணி ஆர்டர் நம்பர் வரிசையா இருக்கு. திருப்பிக் குடுத்துட்டாங்க. ஜானி சங்னு மூணாவது ஆள், வெள்ளை மாளிகைக்குள்ளயே வந்து ஹிலாரியோட தலைமை உதவியாளர்கிட்ட 50,000 டாலர் செக்கைக் குடுத்தவர், வெள்ளை மாளிகை சப்வே ரயில் ஸ்டேஷன் மாதிரி, காசு போட்டாத்தான் கேட் திறக்கும்னு பேட்டியிலயே சொன்னார். சீன ராணுவ உளவுப் பிரிவோட தலைவரா இருந்த ஜெனரல் ஜி ஷெங்டேகிட்ட இருந்து தனக்கு 3 லட்சம் டாலர் வந்துச்சுன்னு விசாரணையில சொன்னதும் இவர்தான், ஆனா அதுல கொஞ்சம்தான் கட்சிக்குப் போச்சு, மீதி அவர் கிட்டயே நின்னுடுச்சு. சீனா மறுத்துடுச்சு.

தண்டனைன்னு பாத்தா ஹுவாங், ட்ரை, சங் மூணு பேருக்கும் புரொபேஷன், சமூக சேவை, அந்த ரகம். ரியாடி 2001-ல குற்றத்தை ஒத்துக்கிட்டு 86 லட்சம் டாலர் அபராதத்துக்குச் சம்மதிச்சார், தேர்தல் நிதி வழக்குல அன்னைக்கு அதுதான் ரொம்பப் பெரிய தொகை. பணத்தை வாங்கின பக்கத்துல யாரும் எதையும் இழக்கல. குடியரசுக் கட்சி அப்ப பெருசா குதிச்சுச்சு, ஆனா 1994-ல அவங்க கட்சித் தலைவர் ஹேலி பார்பர் நடத்தின ஒரு அமைப்புக்கு ஹாங்காங் தொழிலதிபர் ஒருத்தரோட உத்தரவாதத்துல 21 லட்சம் டாலர் கடன் வாங்கி, அதுல 16 லட்சம் கட்சிக்கே போய்ச் சேந்ததும் அதே செனட் விசாரணையில வெளிய வந்துச்சு. இதுல அடிபட்டது சாதாரண ஆசிய அமெரிக்கர்கள். ஜனநாயகக் கட்சி ஆடிட்டர்களை வச்சு, ஆசியப் பேர் இருக்குற நன்கொடையாளர்களா பாத்து போன் போட்டு நீ குடிமகனா, உன் வருமானம் எவ்வளவுன்னு கேக்க ஆரம்பிச்சாங்க, முறையா சொந்தக் காசு குடுத்தவங்க அவமானப்பட்டாங்க.

மலேசியாவுல இருக்குறவங்களுக்கு ஜோ லோ பேரைச் சொல்லவே வேண்டாம், மலேசிய அரசோட 1எம்டிபி ஃபண்டைச் சுருட்டின வழக்குல தேடப்படுற ஆள். அவர் 2012-ல ஒபாமா பக்கத்துல இடம் பிடிக்க ஆசைப்பட்டு ப்ராஸ் மிஷெல்ங்கிற ராப் பாடகர் வழியா பணத்தை இறக்குறார், ப்ராஸ் தன் சிநேகிதங்க பேருல பிரிச்சுப் பிரிச்சு ஒபாமா பிரச்சாரத்துக்கு அனுப்புறார். ஜூரி 2023-ல குற்றவாளின்னு சொல்லுச்சு, 2025 நவம்பர்ல 14 வருஷ ஜெயில் தண்டனை. அங்க நிக்கல கதை. ட்ரம்ப் வந்ததும் அதே ஜோ லோ, இந்த 1எம்டிபி விசாரணையையே கைவிட வைக்கணும்னு அந்தப் பக்கம் ஆள் பிடிக்கிறார், சிக்கினது குடியரசுக் கட்சிக்கு நிதி திரட்டுற எலியட் பிராய்டி. அவர் 2020-ல குற்றத்தை ஒத்துக்கிட்டு 66 லட்சம் டாலரை அரசாங்கத்துகிட்ட ஒப்படைக்கச் சம்மதிச்சார், 2021 ஜனவரியில ட்ரம்ப் பதவியை விட்டு இறங்குற நேரத்துல அவருக்கு மன்னிப்பு குடுத்துட்டுப் போயிட்டார். மலேசிய மக்களோட காசு ஒபாமா ஆட்சியில ஒரு கதவையும் ட்ரம்ப் ஆட்சியில இன்னொரு கதவையும் தட்டியிருக்கு. கட்சி பாத்து இதைப் பேசுறவங்க இந்த ஒரு கேஸை மட்டும் முழுசா படிச்சா போதும்.

இப்ப தமிழர்கள் எல்லாரும் தெரிஞ்சு வச்சிருக்க வேண்டிய ஒண்ணு. இமாத் ஜுபேரி, கலிபோர்னியா தொழிலதிபர், ஒபாமாவுக்கும் ஹிலாரிக்கும் நிதி குடுத்தவர், 2016-ல ட்ரம்ப் ஜெயிச்சதும் உடனே திரும்பி பதவியேற்பு விழாக் கமிட்டிக்கு 9 லட்சம் டாலர் குடுத்தவர். 2014 என்ன நேரம்னு ஞாபகப்படுத்திக்குங்க, போர் முடிஞ்சு அஞ்சு வருஷம், மார்ச்ல ஜெனீவாவுல ஐ.நா மனித உரிமைப் பேரவை விசாரணைக்குத் தீர்மானம் போடுது, ராஜபக்ச அரசுக்கு வாஷிங்டன்ல பேர் கெட்டுப் போயிருக்கு. அந்தப் பேரைச் சரி பண்ணித் தரேன்னு ஜுபேரி இலங்கை அரசோட 85 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போடுறார். அதுல 65 லட்சம் கைக்கு வந்துடுச்சு. முதல் தவணை 35 லட்சம் வந்த சில நாள்லயே 16 லட்சத்தைத் தன்னோட பங்குச்சந்தைக் கணக்குக்கு மாத்திட்டார், 15 லட்சத்துக்கு நிலம், வீடுன்னு வாங்கிட்டார். லாபி கம்பெனி, விளம்பரக் கம்பெனி, வக்கீல்னு வேலைக்காக செலவழிச்சது எட்டரை லட்சத்துக்கும் கம்மி, 56 லட்சத்துக்கு மேல தனக்கும் மனைவிக்கும். இதெல்லாம் அமெரிக்க நீதித்துறையே வெளியிட்ட கணக்கு.

வன்னியில சனங்க வீடில்லாம கூரைத் தகரத்துக்குக் காத்துக் கிடந்த காலத்துல, அந்தச் சனங்க என்ன ஆனாங்கன்னு யாரும் கேக்கக் கூடாதுங்கிறதுக்காக அந்த அரசு செலவழிச்ச காசு இது. எழுதும்போதே கோபம் வருது. ஜுபேரி அமெரிக்காவுக்குப் பொய் சொன்னதுக்குத்தான் தண்டனை: ஃபாராவுல பொய்யான பதிவு, வரி ஏய்ப்பு, சட்டவிரோத நன்கொடை, விசாரணையைத் தடுத்தது. 2021 பிப்ரவரியில 12 வருஷ ஜெயில், 1.57 கோடி டாலர் திருப்பிக் கட்டணும், 17.5 லட்சம் அபராதம். 2025 மே மாசம் ட்ரம்ப் அவர் தண்டனையைக் குறைச்சு வெளிய விட்டுட்டார்.

இதையும் அமெரிக்காவுல இருக்குற தமிழங்க ஈழப் பிரச்சினைக்காக எம்.பிங்களைப் பாக்குறதையும் ஒண்ணாக்கிப் பேசுறவங்க இருக்காங்க. ரெண்டும் ஒண்ணில்ல. குடியுரிமை வாங்கினவர் சொந்தக் காசுல, சொந்தக் கருத்துக்காக, பேரைச் சொல்லி நன்கொடை குடுக்குறதும் கடிதம் எழுதுறதும் அவர் உரிமை, யூதர்களும் ஐரிஷ்காரங்களும் கியூபாக்காரங்களும் அதைத்தான் பண்றாங்க. வேற ஒரு அரசாங்கம் காசு குடுத்து, அதோட சொல்படி, அதை மறைச்சுப் பண்றப்பத்தான் அது குற்றம்.

இதுவரைக்கும் பணம். பணமே இல்லாம நடக்குறதுலதான் சட்டம் முழிக்குது.

1968 அக்டோபர். வியட்நாம் போர் நடந்துட்டு இருக்கு, ஜான்சன் அதிபர், அவர் கட்சி வேட்பாளர் ஹம்ஃப்ரி, எதிர்ல நிக்சன். அக்டோபர் 31-ம் தேதி ஜான்சன் வடக்கு வியட்நாம் மேல குண்டு போடுறதை நிறுத்துறேன்னு அறிவிக்கிறார், பாரிஸ்ல பேச்சுவார்த்தை நடந்தா ஹம்ஃப்ரி ஜெயிச்சுடுவார்ங்கிற நிலைமை. நிக்சன் பக்கத்துல இருந்து அன்னா சென்னால்ட்னு ஒரு அம்மா, இரண்டாம் உலகப் போர் ஜெனரலோட விதவை, தென் வியட்நாம் தூதர் புய் டியெம் வழியா கொஞ்சம் பொறுங்க, நாங்க ஜெயிச்சுடுவோம்னு சேதி அனுப்புறாங்க. எப்.பி.ஐ தூதரக போனை ஒட்டுக் கேட்டதால ஜான்சனுக்கு இது தெரிஞ்சுபோச்சு. நவம்பர் 2-ல தென் வியட்நாம் அதிபர் தியூ, நாங்க பாரிஸுக்கு வரலன்னுட்டார். 5-ம் தேதி தேர்தல், நிக்சன் 43.4 சதவீதம், ஹம்ஃப்ரி 42.7. ஜான்சன் செனட்டர் டர்க்சன்கிட்ட போன்ல இது தேசத் துரோகம்னே சொன்னார், டேப் இருக்கு, கேக்கலாம். ஆனா ஊருக்குச் சொல்லல, நட்பு நாட்டுத் தூதரகத்தையே ஒட்டுக் கேட்டோம்னு ஒத்துக்க வேண்டி வருமே.

நிக்சன் சாகுற வரைக்கும் மறுத்தார். அவர் உதவியாளர் ஹால்டமன் 1968 அக்டோபர்ல எழுதின குறிப்புகள் 2016 கடைசியில வெளிய வந்தப்பத்தான், சென்னால்ட்டை அந்த வேலையிலயே வச்சிருங்கன்னு நிக்சன் சொன்னது கையெழுத்தாவே கிடைச்சுச்சு. தியூவுக்கு வராம இருக்க அவரோட சொந்தக் காரணமும் இருந்துச்சு, அதனால போர் நீண்டதுக்கு இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் செத்த அமெரிக்க சிப்பாய்ங்களே 20,000 பேருக்கு மேல, வியட்நாம் சனங்க எத்தனை மடங்கு. இதுல ஒரு டாலர் கூட கை மாறல, யார் மேலயும் வழக்கும் வரல. இதுவரைக்கும் நான் சொன்னதுலயே பெரிய குற்றம் இதுதான்னு நினைக்கிறேன்.

2016 ரஷ்யா விவகாரம் எல்லாரும் அலசினதுதான், அதனால சுருக்கமா சொல்றேன். ரஷ்ய ராணுவ உளவுத்துறை ஜனநாயகக் கட்சி ஈமெயிலைத் திருடி வெளிய விட்டது, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கம்பெனி ஒண்ணு போலி அமெரிக்கர்களா வேஷம் போட்டு பேஸ்புக்ல எழுதினது, இது ரெண்டும் நடந்ததுன்னு இதை விசாரிச்ச சிறப்பு வழக்கறிஞர் முல்லர் ஆதாரத்தோட எழுதினார். ட்ரம்ப் பிரச்சாரம் ரஷ்யாவோட சதி பண்ணுச்சுன்னு நிரூபிக்க முடியலன்னும் அவரே எழுதினார். ரெண்டையும் சேத்துச் சொல்லணும், பாதியை மட்டும் சொல்றவங்களை நம்பாதீங்க. 2016 ஜூன்ல ட்ரம்ப் டவர்ல, ஹிலாரி பத்தின ரகசியம் கிடைக்கும்னு சொன்னதால ஒரு ரஷ்ய வக்கீலை ட்ரம்ப் மகன் சந்திச்சார்ல, அந்தத் தகவலை வெளிநாட்டு நன்கொடைன்னு சொல்ல முடியுமா, அதுக்கு விலை எவ்வளவு, அவருக்கு அது தப்புன்னு தெரியுமான்னு முல்லர் யோசிச்சுப் பாத்து, கோர்ட்டுல நிக்காதுன்னு விட்டுட்டார். ஆயிரம் டாலர் செக்கா இருந்தா ஒரு நாள்ல முடியுற வழக்கு, தகவலா வந்ததால வழக்கே இல்லாம போச்சு.

மூணாவது வழி இன்னும் சுலபம், குடும்பத் தொழில். ட்ரம்ப் முதல் ஆட்சியில அவர் ஹோட்டல், கட்டடங்கள் வழியா 20 நாடுகள்ல இருந்து குறைஞ்சது 78 லட்சம் டாலர் வந்துச்சுன்னு 2024 ஜனவரியில கீழவை ஜனநாயகக் கட்சிக்காரங்க கணக்கு வெளியிட்டாங்க. அரசியலமைப்புல இருக்குற அந்தப் பரிசு தடையை வச்சு வழக்கு போட்டவங்களுக்கு என்ன ஆச்சுன்னா, 2021-ல ட்ரம்ப் பதவியில இல்லைன்னு சொல்லி சுப்ரீம் கோர்ட் முடிச்சு வச்சுடுச்சு, சரியா தப்பான்னு தீர்ப்பே இல்ல. மருமகன் குஷ்னர் வெள்ளை மாளிகையை விட்டு வந்த சில மாசத்துல சவுதி அரசு நிதியத்துல இருந்து அவர் கம்பெனிக்கு 200 கோடி டாலர் முதலீடு. 2025-ல கத்தார் அரசு குடுத்த போயிங் 747, அபுதாபி அரசு சார்ந்த எம்ஜிஎக்ஸ் கம்பெனி பைனான்ஸ் (Binance)ங்கிற கிரிப்டோ நிறுவனத்துல போட்ட 200 கோடி டாலரை ட்ரம்ப் குடும்பம் பங்கு வச்சிருக்குற கம்பெனியோட கிரிப்டோ நாணயத்துல போட்டது, இதெல்லாம் பகிரங்கமாவே நடந்துச்சு. தொழிலைப் பசங்க பாத்துக்கிறாங்க, விமானம் பாதுகாப்புத் துறைக்குத்தான் வந்துச்சுன்னு அவங்க தரப்புல சொல்றாங்க.

பைடன் பக்கமும் சுத்தம்னு சொல்ல மாட்டேன். அப்பா துணை அதிபரா இருந்து உக்ரைன் விவகாரத்தைப் பாத்துட்டு இருந்தப்பவே மகன் ஹன்டர் 2014-ல உக்ரைன் கேஸ் கம்பெனி புரிஸ்மாவோட போர்டுல உக்காந்தது அந்தக் குடும்பப் பேருக்குக் கிடைச்ச சம்பளம்தான். அப்பா கைக்குக் காசு வந்துச்சுன்னு கீழவைக் குடியரசுக் கட்சிக்காரங்க ரொம்ப நாள் தேடியும் நிரூபிக்க முடியல, ஆனா 2024 டிசம்பர் 1-ம் தேதி அப்பாவே மகனுக்கு 2014-ல இருந்து எல்லாத்துக்கும் சேத்து மன்னிப்பு எழுதினார். தொகை அளவுல ரெண்டு குடும்பத்தையும் சமம்னு சொல்றது நியாயமில்ல, ட்ரம்ப் பக்கம் பல மடங்கு பெருசு. ஆனா புரிஸ்மா மாதிரி ஒண்ணைத் தப்பில்லன்னு விட்டவங்க அடுத்து வந்ததைக் கேள்வி கேக்கும்போது குரல் உள்ள போயிடுது.

சரி, பிடிக்கிறது யாரு? தேர்தல் ஆணையத்துல 6 பேர், ஒரு கட்சிக்கு மூணு பேருக்கு மேல கூடாது, எதுக்கும் 4 ஓட்டு வேணும், அதனால பெரிய கேஸ் வந்தாலே மூணுக்கு மூணுன்னு நின்னுடும். 2025 மே மாசத்துல இருந்து கோரம், அதாவது முடிவெடுக்கத் தேவையான குறைஞ்சபட்ச ஆளுங்க, கூட இல்லாம போச்சு. அதே வருஷம் பிப்ரவரியில அட்டர்னி ஜெனரல் பாம் பாண்டி, ஃபாராவுல கிரிமினல் வழக்குன்னா உளவு பாக்குறது மாதிரியான விஷயத்துக்கு மட்டும்னு சுருக்கி உத்தரவு போட்டு, எப்.பி.ஐ-ல இருந்த வெளிநாட்டுச் செல்வாக்கு தடுப்புக் குழுவையும் கலைச்சுட்டாங்க. அதாவது ஜுபேரி, பிராய்டி மாதிரி ஆளுங்களைப் பிடிச்ச அந்த வழியே இப்ப குறுகிடுச்சு.

நீங்களே தேடிப் பாக்கணும்னா, ஃபாரா பதிவுகள் நீதித்துறை வெப்சைட்ல யார் வேணா இலவசமா பாக்குற மாதிரி இருக்கு, நாட்டுப் பேரைப் போட்டா ஒப்பந்தம், மாசச் சம்பளம், யாரை எப்ப சந்திச்சாங்கன்னு பிடிஎஃப் வரும். இந்தியான்னு போட்டுப் பாருங்க, 2025-ல இந்திய அரசு ட்ரம்போட பழைய ஆலோசகர் ஜேசன் மில்லரோட கம்பெனியை வருஷத்துக்கு 18 லட்சம் டாலருக்கு அமர்த்தின ஒப்பந்தம் அதுல இருக்கு, முறையா பதிவு பண்ணினது, சட்டப்படி சரி. இலங்கைன்னு போட்டா 2014-ஐ ஒட்டின பதிவுகள் வரும், எந்தக் கம்பெனிக்கு எவ்வளவுன்னு வரிசையா. யாழ்ப்பாணத்துல, கொழும்புல இருக்குற பத்திரிகைக்காரங்க யாராவது இதைப் படிச்சா, ஒரு வாரம் ஒதுக்கி அந்தக் கோப்புகளை முழுசா படிச்சு எழுதுங்க, அது உங்க சனங்களோட பணம்.